பச்சை இலை போட்டால் போதுமா?

(துணிப்பை, பாக்குமட்டைத் தட்டுத் தொழில் தொடங்கும் சகோதரிகளுக்காகச் செஞ்சியில் நடந்த கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





முதல் சரக்கு கடைக்குப் போகுமுன் நமக்கென ஒரு சின்னம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மாதிரிக்கு வந்த படங்களைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பச்சை இலை, பூமி உருண்டை, சுற்றி வரும் மூன்று அம்புகள். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் சின்னம் என்பது வாங்குகிறவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு. வாக்கு அமானிதம்.

அந்த அம்புகளின் கதையைக் கேளுங்கள். 1970இல் அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டிக்காக கேரி ஆண்டர்சன் என்ற 23 வயது மாணவர் வரைந்த மறுசுழற்சிச் சின்னம் அது. 1988இல் பிளாஸ்டிக் தொழில்துறையினர், பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டும் 1 முதல் 7 வரையிலான எண்களை அதுபோன்ற அம்பு முக்கோணத்துக்குள் போட்டார்கள். எண் சொன்னது வகையை மட்டும்தான். அம்பைப் பார்த்த மக்களோ எல்லாமே மறுசுழற்சி ஆகும் என்று நம்பிவிட்டார்கள். 2013இல் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்ற வேண்டி வந்தது.

நம் நாட்டில் 1991இல் வந்த 'ஈகோமார்க்' சின்னம் ஒரு மண்பானை. மண்ணில் பிறந்து மண்ணுக்கே போவது. உறுதியானது, உடையவும் கூடியது. இயற்கையும் அப்படித்தானே! ஆனால் முறையாக அனுமதி பெற்ற பொருளில்தான் அதைப் போடலாம். 2021 டிசம்பரில் நம் மாநில அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைப் பாருங்கள். எல்லோர் வீட்டிலும் புழங்கிய பையே அங்கே அடையாளமாகிவிட்டது.

ராஜகிரிக் கோட்டையைப் போடலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். அது ஊரைச் சொல்லும், உங்கள் வேலையைச் சொல்லாது. பையின் கைப்பிடி, ஊசி நூல், ஒரு தையல் வரி, இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். படம் முதலில் ஒரே நிறத்தில் நன்றாக இருக்க வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் தேவை, செலவும் ஏறும். ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரிய வேண்டும். சோறு படும் தட்டில் மை வேண்டாம். கட்டின் மேல் சுற்றும் காகிதப் பட்டையில் அச்சிடுங்கள். வரைந்து தருபவரிடம் எந்த அளவுக்கும் பெரிதாக்கக்கூடிய வெக்டர் கோப்பையும், உரிமையை உங்களுக்கே தந்ததாக எழுத்தில் ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். வணிகச் சின்னமாகப் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு உண்டு, அதன்பின் புதுப்பிக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. துணி போலத் தெரியும் 'நான்-ஓவன்' பை துணியே அல்ல, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. விலை குறைவு என்று அதை வாங்கித் தைத்து, மேலே இலைச் சின்னம் போட்டால் அது அளவையில் குறைத்துக் கொடுப்பதற்குச் சமம். அந்த வியாபாரத்தில் பரக்கத் இருக்காது. ஆதாரமில்லாமல் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசும் வழிகாட்டு நெறிகள் கொண்டு வந்திருக்கிறது. ஆகவே பெரிய சொற்கள் வேண்டாம். 'பருத்தித் துணி, துவைத்துப் பயன்படுத்தலாம்' என்று உள்ளதை எழுதுங்கள், அதுவே போதும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்தில் சின்னத்தை முடிவு செய்வோம். வரும்போது ஒவ்வொருவரும் தாங்கள் தைத்த ஒரு பையையும், துணி வாங்கிய பில்லையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் பார்த்துவிட்டுப் படம் வரையச் சொல்வோம்.

வஸ்ஸலாம்.