பக்கத்து வீடும் ஒரு வகுப்பறையே



திருப்பூரிலும் கோவையிலும் காலையில் நாம் காணும் காட்சி இது. பனியன் கம்பெனிக்குப் போகும் தாய், குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மிச்சியிடம் விட்டுவிட்டு ஓடுகிறார். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். பத்துப் பேர் தைக்கும் சிறு யூனிட்டுக்கு அது பொருந்தாது. ஷிப்ட் முடியும் முன்பே அங்கன்வாடியும் மூடிவிடும். ஆக, நம் ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிலர் அந்தத் திண்ணையில் வளர்ந்தவர்களே.

அந்த அம்மிச்சியிடம் சிலேட்டைக் கொடுக்க வேண்டாம். மூன்று செய்திகளைச் சொல்வோம்.

முதலாவது, பாதுகாப்பு. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வேண்டும். பட்டனும் புளியங்கொட்டையும் சின்னக் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் சிக்கிவிடும்.

இரண்டாவது, பேச்சு. வெங்காயம் உரிக்கும்போதே, "எது பெருசு கண்ணு?" என்று கேட்கலாம். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். செல்போனைக் கையில் கொடுத்தால் இந்தப் பேச்சு நின்றுவிடும்.

மூன்றாவது, விளையாட்டு. துணித்துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிப்பதும், ஆளுக்கொரு தட்டு வைப்பதும் கணக்கின் தொடக்கம்தான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மிச்சியையும் அழையுங்கள். குழந்தை எதற்குச் சிரிக்கும், எதற்குப் பயப்படும் என்று கேளுங்கள். நம் பதிவேட்டில் இல்லாத விவரம் அவரிடம் இருக்கிறது.