இஞ்சினில் கேட்கும் புதுச் சத்தம்

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தனிக் காது உண்டு. விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும்போதே, வருவது யாருடைய மோட்டார் சைக்கிள், போவது எந்த லோரி என்று ஓசையை வைத்தே சொல்லிவிடுவார்கள். பேராக்கில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பெரட்டுக் களங்கள் பல மறைந்துவிட்டன. அந்தக் காது மட்டும் நம்மோடு இருக்கிறது. அதற்கு இன்றைக்கு ஒரு வேலை கொடுப்போம்.

சுங்கை சிப்புட், கம்பார், பீடோர் பக்கங்களில் பல குடும்பங்களுக்கு ஒரு பழைய பிக்கப் வண்டிதான் சோறு போடுகிறது. காய்கறி, செம்பனைக் குலை, மாட்டுக்குப் புல், கலியாண வீட்டுப் பாத்திரம் எல்லாம் அதில்தான் போகின்றன. ஒருநாள் அதில் புதிதாக ஒரு சத்தம் கேட்கிறது. பட்டறைக்குப் போனால், "இஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும்" என்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் சேர்த்த பணம் கண்முன் கரைகிறது. அப்படிச் செலவழிக்கு முன், 'இது என்ன சத்தம்' என்று கேட்பதை விட்டு, 'இது எப்போது வருகிறது' என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சின் ஆறியபின், எண்ணெய்க் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். மலாய்க்காரர்கள் மினியாக் ஹித்தாம் என்று சொல்லும் அந்த எண்ணெய், கீழ்க் கோட்டுக்குக் குறைந்திருந்தால் மற்ற ஆராய்ச்சி எல்லாம் பிறகுதான். ஓட்டும்போது எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்து, கூடவே அடியிலிருந்து 'டொக் டொக்' என்று தட்டினால், அந்த இடத்திலேயே இஞ்சினை நிறுத்துங்கள். ஈப்போ பக்கம்தானே, உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். அது போனால் இரும்பு இரும்பை அரைக்கும். சில மைல் ஓட்டத்தில், பேரிங்கு மாற்றினால் தீரக்கூடிய கோளாறு முழு இஞ்சினையும் கேட்கும்.

எண்ணெய் சரி என்றால், நின்ற இடத்திலேயே இஞ்சினை முடுக்கிப் பாருங்கள். வேகத்தோடு சத்தமும் கூடவில்லை, வண்டி உருளும்போதுதான் வருகிறது என்றால், சக்கரத்தையும் பின்னால் ஓடும் நீளத் தண்டையும்தான் பார்க்க வேண்டும். கிளச்சை மிதித்தால்தான் சீறல் வருகிறதா? கிளச்சுப் பேரிங்காக இருக்கலாம். மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறதா? கியர்ப் பெட்டிக்குள் தேடவேண்டும். காலால் செய்கிற சோதனை இது, காசு செலவில்லை.

மழை பெய்த காலையில் 'கீச்' என்று கத்தினால் முதலில் பெல்ட்டைச் சந்தேகியுங்கள். சந்தேகம் தீர, ஒரு பட்டறைக்காரர் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் இஞ்சினை ஓட விடுவார். சத்தம் நின்றால் பெல்ட்டோ, அது சுழற்றும் ஆல்டர்னேட்டரோ, தண்ணீர்ப் பம்போ காரணம். ஆனால் பெல்ட் இல்லாமல் சாலைக்கு வரவே கூடாது. தண்ணீர் ஓடாமல் இஞ்சின் கொதிக்கும். பல பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்குத் துணைசெய்யும் பம்பும் ஆல்டர்னேட்டர் முதுகில்தான் இருக்கிறது, அதுவும் நின்றுவிடும்.

இனி, எல்லோரையும் குழப்புகிற 'டிக் டிக்'. தண்டு 2 சுற்றுச் சுற்றினால் வால்வு ஒருமுறைதான் திறக்கும். ஆகையால் வால்வுத் தட்டல் இஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில், மேலிருந்து, லேசாகக் கேட்கும். பல பழைய இஞ்சின்களில் இடைவெளியை அளந்து சரிசெய்தால் போதும். அடியிலிருந்து வரும் தட்டல் கனமானது. ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கப் பாதைக்கு ஏறும் மேட்டில் பாரத்தோடு போனால் இன்னும் பலமாகும்.

இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று உண்டு. அதை என் சொந்த வண்டியில் கற்றேன். காலையில் கிளப்பினால் 'சிக் சிக்' என்று அடிக்கும். 10 நிமிடம் ஓடினால் மறையும். நான் போன பட்டறையில் இஞ்சினை இறக்கச் சொன்னார்கள். அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். நான் கொண்டுபோனபோது வண்டி சூடாகிச் சத்தம் அடங்கியிருந்தது. என் வாய்வார்த்தையை நம்பித்தான் அவர் சொன்னார். மறுவாரம் இரவே அங்கு விட்டுவிட்டு, விடிந்ததும் அவரையே கிளப்பச் சொன்னேன். புகைக்குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிந்தது. ஒரு கேஸ்கட்டும் ஓர் உடைந்த போல்ட்டும்தான் கோளாறு. இரும்பு சூடாகி விரிந்ததும் ஓட்டை அடைபட்டிருக்கிறது. தேய்ந்த பிஸ்டனும் இதேபோல் ஆறியபோது தட்டிச் சூட்டில் அடங்கும் என்பதால், கரியைக் கண்ணால் பார்க்காமல் முடிவுகட்டக் கூடாது.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரை நினைத்துக்கொள்ளுங்கள். 1816-இல் பிரான்சில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால் அதே வித்தைதான். இரும்பு சத்தத்தைத் தூரம் கடத்தும். எனவே நாலைந்து இடம் வைத்து ஒப்பிட வேண்டும். விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கிட்டே போகாதீர்கள். முந்தானை, பின்னிய சடை, கழுத்துச் சங்கிலி எல்லாம் ஒதுங்கியிருக்கட்டும்.

டீசல் வண்டியில் ஒரே சிலிண்டர் தட்டினால், பழைய வகை இஞ்சினில் கைதேர்ந்தவர் எரிபொருள் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார். எதைத் தளர்த்தும்போது தட்டல் நிற்கிறதோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. நீங்கள் செய்ய வேண்டாம். 2000-க்குப் பின் படிப்படியாக வந்த காமன் ரெயில் வண்டிகளில் யாருமே செய்யக்கூடாது. அங்கே அழுத்தம் டயர்க் காற்றைப்போல் சில நூறு மடங்கு. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே இழக்க நேரிடும்.

பட்டறைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஆறியபோதா சூட்டிலா, மேட்டிலா சமதரையிலா, எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றியது. வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பேரிங்கு என்றால் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பல வகைகளில், சாம்பல் நிற மேல்பூச்சு தேய்ந்து நடுவில் செம்பு நிறம் தெரிந்தால், நீங்கள் கேட்ட தட்டல் அதுதான்.