தவணை தவறினால் பேரை வெட்டுவதில்லை



நம்ம குழுவில் ஒருத்தர் இரண்டு தவணை கட்டவில்லை என்றால் உடனே பேரை வெட்டிவிடுகிறோமா? இல்லையே. வீட்டுக்குப் போய், "என்னக்கா, என்ன கஷ்டம்?"னு கேட்கிறோம். முடிந்ததைக் கட்டச் சொல்லி, மிச்சத்துக்குத் தவணை மாற்றித் தருகிறோம். குடிப்பவரிடமும் அப்படித்தான் போக வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

குடிக்கு அடிமையாவது ஒரு நோய். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் கணவரை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முடங்கிப் போகாமல் 1980-இல் கணவர் பெயரிலேயே சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். அங்கே குடிப்பவரோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நாம் சாமி முன்னால் சத்தியம் வாங்குகிறோம், கயிறு கட்டுகிறோம். மனசுக்கு அது பலம்தான். ஆனால் பல வருஷமாகத் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

இன்னொன்று. "அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், உயிரும் போகலாம். அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

முழுசாக நிறுத்தும்வரை சேதத்தையாவது குறைப்போம். வெறும் வயிற்றில் குடிக்க விடாதீர்கள். வண்டிச் சாவியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். போதையில் படுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சை அடைக்காது. கள்ளச்சாராயம் பக்கமே போகக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

"குடிக்க வழி சொல்றீங்களா?"னு கேட்பீர்கள். ஆள் உயிரோடு இருந்தால்தானே நாளைக்குத் திருந்த முடியும்? விட்டவர் மறுபடி குடித்தாலும், "ஆறு மாசம் இருந்தீங்களே, மறுபடி முடியும்"னு சொல்லுங்கள்.

இரக்கம் என்றால் அடியைத் தாங்குவது இல்லை. கை ஓங்கினால் 181-க்குக் கூப்பிடுங்கள். குழுக் கடனைக் குடிக்குக் கொடுக்காதீர்கள்.

நமக்கும் ஒரு பழக்கம் இருக்கு: வெற்றிலையோடு புகையிலை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். ராத்திரி கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவதை முதலில் விடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒரு நாள் குறித்து அடியோடு நிறுத்துங்கள். வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும், பத்து நிமிஷம் இதைப் பற்றியும் பேசுங்கள். அங்கே பேசுவது வெளியே போகக் கூடாது என்று தீர்மானமும் போட்டுக்கொள்ளுங்கள்.