ஆளுக்கேற்ற ஆற்றுப்படுத்தல்



உளவளத்துணையாளர்களே, வைத்தியர்களே, ஒலுவிலிலிருந்து வந்திருக்கும் பல்கலைக்கழக நண்பர்களே, பள்ளிவாசல் நிர்வாகத்தினரே,

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது, இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை கபுறு தோண்டி ஓய்வதற்குள்ளேயே அரிசியோடும் கூடாரத்தோடும் ஆற்றுப்படுத்த வந்தவர்களும் வந்து இறங்கிவிட்டார்கள். நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். ஆனால் பலர் கையில் இருந்தது ஒரே முறை: நடந்ததை உடனே பேச வை, பாரம் இறங்கிவிடும். அப்படி ஒரே அமர்வில் பேசவைப்பது பின்னால் வரும் மனவடுவைத் தடுப்பதில்லை என்று, சுனாமிக்கு இரண்டு வருடம் முன்னரே, 2002இல், கொக்ரேன் மீளாய்வு சொல்லியிருந்தது. நமது முகாம்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

இன்னொரு ஆய்வை நீங்கள் அனைவரும் படித்தாக வேண்டும் என்பது என் விருப்பம். வட இலங்கைப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளிடம் வீட்ஸ டோல் குழுவினர் செய்து 2012இல் வெளியிட்டது. விளையாட்டு, ஆக்கச் செயற்பாடு, பேச்சு எல்லாம் கலந்த 15 அமர்வுகள். மொத்தக் கணக்கில் மனவடு அறிகுறிகளில் சொல்லத்தக்க பலன் இல்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆண்பிள்ளைகளுக்கு உதவியிருக்கிறது. பெண்பிள்ளைகளிலோ, அமர்வுக்கு வந்தவர்களைவிட வராமல் காத்திருந்தவர்களுக்கே அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருக்கின்றன. ஒரே பாடசாலை, ஒரே யுத்தம், ஒரே பயிற்சி. ஒரு பிள்ளைக்கு மருந்தானது பக்கத்திலிருந்த பிள்ளைக்குத் தடையாகியிருக்கிறது. சராசரியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தால் இது நமக்குத் தெரியவே வந்திராது.

நமது ஊர்களில் இதை எப்படிக் கையாள்வது?

முதலில் வீட்டைப் பாருங்கள். நமது கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருகிறார். துக்கப்பட்ட மகளைச் சுற்றி உம்மா, ராத்தா, சாச்சி எல்லாரும் இருக்கிறார்கள். பெரும் பலம் அது. ஆனால் கணவனைப் பற்றி ஒரு வார்த்தை அவள் தனியாகச் சொல்ல அந்த வீட்டில் மூலை கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு வைத்தியசாலை அறைதான் வசதி. கணவன் இறந்து இத்தாவிலிருக்கும் பெண்ணுக்கோ நான்கு மாதம் பத்து நாளும் நாமே, அதுவும் ஒரு பெண் துணையாளர், வீடு தேடிப் போக வேண்டும். கிளினிக் வாசலில் கண்டால் "பைத்தியம்" என்று பேர் வந்துவிடும் என அஞ்சும் இளைஞனுக்கு இந்த இரண்டும் ஆகாது. கரைவலைக்காரர்களின் வாடியில், வலை பொத்தும் நேரத்தில்தான் அவன் வாய் திறப்பான்.

நான் அறிந்த ஒரு மூத்தம்மா, சுனாமியில் பேரப்பிள்ளைகளை இழந்தவர். கதிரை போட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டபோதெல்லாம் "அல்லாஹ்ட நாட்டம் மகள்" என்பதோடு முடித்துக்கொள்வார். அவருக்குப் பன்பாய் இழைக்கத் தெரியும். துணையாளர் பக்கத்தில் குந்தி, சாயமிட்ட பன்னை எடுத்துக்கொடுத்து உதவத் தொடங்கினார். கண் பாயிலும் கை பன்னிலுமாக இருக்கையில் பேச்சு தானாக வந்தது. பின்னொரு நாள் அந்தக் காலத்துத் தாலாட்டுக் கவி ஒன்றையும் மெல்லப் படித்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்த நாட்டார் பாடல்களை நாம் இலக்கிய அலமாரியில் வைத்திருக்கிறோம். துணையாளர் பயிற்சியிலும் அவை இருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பாயை எல்லா மூத்தம்மாக்களின் முன்னும் விரித்துவிடாதீர்கள். உருவம் வரைவதை விரும்பாத குடும்பத்துப் பிள்ளையிடம் "உன் வாப்பாவை வரை" என்று தாள் நீட்டக் கூடாது. நிறம் இருக்கிறது, தோணி இருக்கிறது, களிமண் இருக்கிறது. சிலருக்குக் குர்ஆன் ஓதுவதே போதும். அதோடு நமது முறையொன்றைச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. வேறு சிலர் பயத்தினால் பேசாதிருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்த பிறகு, குறிப்புப் புத்தகத்தோடு வருகிறவர் எவரையும் கண்டு மக்கள் ஒதுங்கினார்கள். அந்த மௌனத்தை நோயென்று எழுதினால் அநியாயம். சொல்வது எங்கே போகும், யார் படிப்பார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மட்டக்களப்பில் 1996இல் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மாதக்கணக்கில் சேர்ந்து வந்தார்கள். மண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். எனக்கு அங்கே பெரிதாகப்படுவது அந்த அவகாசம். ஒரு பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்பது அந்தப் பிள்ளையோடு இருந்துதான் தெரியும். மூன்று மாதத் திட்டத்துக்குப் பணம் தந்துவிட்டு முடிவறிக்கை கேட்பவர்களிடம் இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இன்று கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு கோரிக்கை. உங்கள் பலன்களை ஆண், பெண், வயது என்று பிரித்துக் காட்டுங்கள். பாதியில் வராமல் நின்றவர் எத்தனை பேர், ஏன் நின்றார் என்பதையும் மறைக்காமல் வையுங்கள். பலனளிக்காத அமர்வைப் பற்றிய கட்டுரைக்கும் இந்த மேடையில் அதே நேரம் ஒதுக்கும்படி அமர்வுத் தலைவர்களிடம் சொல்லியிருக்கிறேன். முதற் கட்டுரையாளர் வரலாம்.