கல்லடிப் பாலத்தின் கீழே



மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் எதைப் பார்க்காவிட்டாலும் கல்லடிப் பாலத்தைப் பார்க்காமல் போவதில்லை. தொங்குபாலம் அல்ல அது. இரும்புச் சட்டங்களைக் கோத்து, வாவியின் குறுக்கே தூண்கள்மேல் நிறுத்திய பாலம். 1924இல் மனிங் தேசாதிபதியின் பாரியார் பெயரைச் சூட்டினார்கள். 'லேடி மனிங்' கடதாசியோடு சரி. ஊரார் வாயில் அது என்றைக்கும் கல்லடிப் பாலந்தான்.

பூரணை இரவுகளில் அதன் கம்பியில் சாய்ந்து, மீன் பாடுகிறதா என்று காத்து நிற்பவர்களைக் காணலாம். ஒன்றும் கேட்காது. "சும்மா கதை" என்று திரும்பிவிடுவார்கள்.

சும்மா கதையல்ல. 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ற் இரவில் தோணியேறிப் போய்க் கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் ரீங்காரம் போன்ற அந்த ஒலி, தோணியின் மரத்தில் காதை வைத்ததும் பெருகியது என்பது அவர் தரும் செய்தி. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒலி நீருக்குள் வாழ்கிறது. அதைக் காதுக்குக் கொண்டுவர மரம் வேண்டும். பாலத்தின் உயரம் உதவாது. பாடுவது ஊரியா மீனா என்ற வழக்கு டெனன்ற் காலத்திலேயே இருந்தது, இன்னும் தீரவில்லை. லாங் அடிகளார் என்ற இயேசு சபைத் துறவி அவ்வொலியைப் பதிவுசெய்ய, இலங்கை வானொலி ஒலிபரப்பியது. விபுலாநந்த அடிகளுக்கோ அது நீரரமகளிரின் இசை. 1947இல் வெளிவந்த யாழ் நூலில் அந்தப் பாடலுக்கு இடம் உண்டு. அடிகள் அடங்கியிருப்பதும் இதே கல்லடியில்தான்.

பிறகு வாவி வேறு சத்தங்களைக் கேட்டது. போர்க்காலத்து இரவுகளில் யார் தோணியேறிப் பாட்டுக் கேட்பது? 2004 டிசம்பர் 26இல் சுனாமி நாவலடியையும் கல்லடிக் கரையையும் வாரிப்போயிற்று. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த அந்த மணல்திட்டில் எத்தனை வீடுகள், எத்தனை பிள்ளைகள்!

2013இல் ஜப்பானிய உதவியோடு அருகிலேயே புதுப்பாலம் திறந்தார்கள். பஸ்ஸும் லொறியும் அதற்குப் போயின. பழைய பாலத்துக்கு ஓய்வு கிடைத்தது. துருப்பிடித்த இரும்பு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நகரம் நின்று தன் வாவியைப் பார்க்க ஓரிடம் வேண்டாமா? மீனுருவத்தைச் சந்திதோறும் வைத்திருக்கிறோம். பாட்டைக் கேட்டவரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. இடமறிந்த முதிய மீனவர்களும் குறைந்து வருகிறார்கள்.

ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், காற்றடங்கிய பூரணையில், அப்படியொருவரைக் கேட்டுத் தோணியேறுங்கள். பாலத்தடியில் பேச்சை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைக் காதோடு சேர்த்துப் பிடியுங்கள்.