அமுதசுரபியும் தமிழ்ச் சமுதாயமும்



ஒரு சமயம் ஒரு நாட்டில் நிலவியது என்பதற்குக் கட்டடங்கள் சான்றாகலாம். அது மக்கள் உள்ளத்தில் நிலவியது என்பதற்கு அவர்தம் சொல்லும் கதையும் ஒழுகலாறுமே சான்று. தமிழகத்துப் பௌத்தத்தைப் பொறுத்தவரை முதல்வகைச் சான்றுகள் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாயின. இரண்டாம் வகைச் சான்றுகள், பௌத்தம் என்னும் பெயரை இழந்தும், இன்றளவும் நின்று நிலவுகின்றன.

பௌத்தம் தமிழகத்தில் விருந்தாக வந்து சின்னாளில் விடைபெற்றுச் சென்ற சமயம் அன்று. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர், காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் தங்கிப் பாலி மொழியில் நூல் யாத்தார். 1960களில் பூம்புகாருக்கு அருகே பல்லவனீச்சரத்தில் நிகழ்ந்த அகழாய்வு, பண்டை விகாரை ஒன்றன் அடித்தளத்தையும் புத்தரின் பாதபீடிகையையும் வெளிக்கொணர்ந்தது. நாளந்தாவில் தலைமை ஆசிரியராய் விளங்கிய தருமபாலரின் பிறப்பிடம் காஞ்சி என்பதை ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறித்துச் சென்றார். முதலாம் இராசராசன் காலத்தில், கடல்கடந்த ஸ்ரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக விடப்பட்டது. சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட வேந்தன் புத்தர் கோயிலுக்கு ஊர் ஈந்தான் என்பது நினைந்து போற்றத்தக்கது.

இச்சமயம் தமிழ்ப் பண்பாட்டுக்கு அளித்த பெருங்கொடை எது என்று வினவினால், பசியை அறத்தின் நடுவிடத்தில் வைத்தது என்றே விடை கூறல் வேண்டும். சங்கப் பாடல்களிலும் பசி உண்டு. அதனைத் தீர்க்கும் வள்ளல்களும் உண்டு. ஆயின் அங்கே கொடை பெரும்பாலும் புரவலன் புகழோடு பிணைந்தது. பாணனும் புலவனும் பாடிப் பெற்றனர். பாடத் தெரியாதவன் பசி என்னாவது? இவ்வினாவை ஒரு காப்பியத்தின் பொருளாகவே ஆக்கியவர் மணிமேகலை ஆசிரியர் சாத்தனார்.

அமுதசுரபியின் வரலாறு ஆபுத்திரனிடம் தொடங்குகிறது. தாயால் கைவிடப்பட்டு, பசுவால் பேணப்பட்டு, அந்தணன் ஒருவனால் வளர்க்கப்பட்டவன் அவன். வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை இரவில் அவிழ்த்துச் சென்றதனால் ஊரார் சினத்துக்கு ஆளானான். அவன் பிறப்பும் இழித்துரைக்கப்பட்டது. துரத்தப்பட்டு மதுரை அடைந்தவன், இரந்து பெற்றதைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான். அவனுக்கே சிந்தாதேவி வற்றாத பாத்திரத்தை அளித்தாள். குலத்தால் தள்ளப்பட்டவன் கையிலேயே உலகின் பசி தீர்க்கும் கலம் வந்து சேர்கிறது. சாத்தனார் இதனை அறிவுரையாகக் கூறவில்லை, கதையாக அமைத்தார். ஆதலின் அது நெஞ்சில் நின்றது.

அடுத்து நிகழ்வது இன்னும் நுட்பமானது. இவனது அறத்தின் பெருமையால் இந்திரன் உள்ளம் நடுங்குகிறது. ஆபுத்திரனோ அவன் தரவந்த தேவர் இன்பத்தை எள்ளி நகைக்கிறான். இந்திரன் சினந்து சாபமிட்டானில்லை, மழையைப் பொழிவித்தான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லாதாயினர், பாத்திரத்துக்கு வேலை இல்லாமற் போயிற்று. வளம் பெருகிய நாட்டில் கொடுப்பவன் ஒருவன் உண்பாரைத் தேடித் தனித்துத் திரிகிறான். ஒருவர் பசியும் தன்னைத் தேடாத நாட்டில் அவன் வாழ விரும்பவில்லை. சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறியவன், இடையில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உயிர் துறந்தான்.

பின்னர் அப்பாத்திரம் மணிமேகலை கைக்கு வருகிறது. முதல் பிச்சையை இட்டவள் ஆதிரை. கற்பிற் சிறந்தவள் எனப் போற்றப்பெற்ற இல்லறத்தாள், கணிகை குலத்துப் பெண்ணின் பாத்திரத்தில் சோறிடுகிறாள். சமுதாயம் எதிரெதிராக நிறுத்திய இருவரை ஒரு பிடி சோறு ஒன்றாக்கியது. முனிவர் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசியுற்ற காயசண்டிகையும் அங்கே பசியாறுகிறாள். பௌத்தம் வினைப்பயனை மறுத்த சமயம் அன்று. ஆயினும் வினையால் வந்த பசி என்று காரணங் காட்டி, எவரையும் உணவுப் பந்திக்கு வெளியே நிறுத்தவில்லை. வினை நோயின் காரணத்தை விளக்குவது. மருந்தை மறுப்பதற்கு அது சாக்கு ஆகாது. துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணம் நீங்கின் துன்பமும் நீங்கும் என்னும் சார்புத் தோற்றக் கொள்கை, மணிமேகலையில் தத்துவமாகப் பேசப்படுமுன் சோறாகவே பரிமாறப்படுகிறது.

சிறைக்கோட்டம் புகுந்து அங்குள்ளார்க்கும் உணவளித்த மணிமேகலை, அரசனிடம் வேண்டியது ஒன்றே. சிறைச்சாலையை அறச்சாலை ஆக்குக என்றாள், அரசனும் ஆக்கினான். தண்டனை பற்றி எக்காலத்தும் எழும் விவாதத்துக்கு ஒரு தமிழ்க் காப்பியம் இவ்வளவு தொன்மையான விடை ஒன்றை வைத்திருப்பது கருதத்தக்கது.

மொழிக்கும் பௌத்தர் ஆற்றிய தொண்டு பெரிது. வீரராசேந்திரன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்திலக்கணமும் ஒருங்கே கூறுவது. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்பது அந்நூல் தரும் செய்தி. அதன் உரையில் மேற்கோளாக வந்தமையால், புத்தரைப் போற்றும் இனிய செய்யுள்கள் சில பிழைத்தன. துறவியர் உறைவிடத்தைக் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல் இன்று சிறுவர் கற்கும் இடத்துக்குப் பெயராயிற்று. சமணரும் பௌத்தரும் ஒருங்கே விட்டுச் சென்ற சொத்து அது.

இத்துணை வளம் எங்ஙனம் மறைந்தது? அரச ஆதரவு குறைந்தது. பக்தி இயக்கம் மக்களைத் தன்பால் ஈர்த்தது. சமய வாதங்கள் கூர்மையுற்றன. நூல்களுக்கு நேர்ந்ததோ இன்னும் எளிய இறப்பு. ஓலை செல்லரிக்கும், எவரேனும் படியெடுத்தால் நூல் வாழும், எடுக்காவிடின் மாயும். ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி இவ்வாறே மாய்ந்தது. அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசி முழுமையாக வாழ்கிறது. அதன் உரையாலும் புறத்திரட்டாலுமே குண்டலகேசியைப் பற்றிச் சிறிதேனும் அறிய முடிகிறது. தோற்கடிக்க வந்த நூலே தோற்ற நூலுக்கு நினைவுச் சின்னமாயிற்று. பிம்பிசார கதை, சித்தாந்தத் தொகை ஆகியவை பெயரளவிலேயே நிற்கின்றன. நாகையில் எஞ்சி நின்ற பழங்கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது.

கல்லில் நின்ற புத்தரோ வேறு பெயர்களில் வழிபாடு பெற்றார். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என வணங்கப்பட்ட சிலை புத்தர் சிலையே எனத் தொல்லியல் ஆய்வின் அடிப்படையில் 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மறந்த பின்னும் மக்கள் விளக்கேற்றுவதை விட்டாரில்லை.

மறந்த பெயர் மீண்டும் ஒலித்த ஆண்டு 1898. அவ்வாண்டில் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அரும்பத உரையுடன் பதிப்பித்தார். சைவச் சூழலில் வளர்ந்த அப்பெருந்தகை, கும்பகோணத்தில் மளூர் அரங்காசாரியார் துணையால் பௌத்தக் கொள்கைகளைக் கற்றுத் தெளிந்தே அப்பதிப்பை வெளியிட்டார். அதே 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட மக்கள் முற்காலப் பௌத்தரே என்பது அவர் துணிபு. வரலாற்றறிஞர் அனைவரும் அதனை ஏற்றாரல்லர். ஆயினும் பிறப்பால் இழிந்தோர் எனப்பட்டவர்க்கு நூலும் நெறியும் உடைய மூதாதையரை அவர் தேடித் தந்தார். கோலார் தங்கவயலிலும் கடல்கடந்த இரங்கூனிலும் அவரது சங்கம் கிளைத்தது. ஒருவர் ஏட்டை மீட்டார். மற்றொருவர் அவ்வேட்டின் நெறியில் மக்களின் மானத்தை மீட்க முனைந்தார். இவ்விரு பணிகளையும் பிரித்துப் பார்க்கும் இலக்கிய வரலாறு பாதி வரலாறே.

கவிஞர் கூடியுள்ள இவ்வவையில் ஒன்றைக் கருதுதல் தகும். குண்டலகேசி இறந்தது அதில் கவிச்சுவை குன்றியதால் அன்று; எஞ்சிய செய்யுள்களே அதற்குச் சான்று. தம் சமயத்தது அன்று, தம் குழுவினது அன்று என்று கருதிப் படியெடுக்கத் தவறிய கைகளால் அது இறந்தது. மாற்றார் நூலைப் பிழையறப் பதிப்பித்த ஒருவரால் மணிமேகலை வாழ்ந்தது. தமக்கு உடன்பாடில்லாத பாட்டையும் பேணிக் காக்கும் வட்டமே இலக்கிய வட்டம் எனும் பெயருக்கு உரியது. அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாது என்பர். எடுத்து வழங்கும் கை ஒன்று அதற்கு என்றும் வேண்டும்.