ஆம்புலன்ஸ் தொழிலாளரின் சோர்வுக்கு யார் பொறுப்பு?

(தொழிற்சங்கப் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தால் மக்களின் கோபம் முதலில் பாய்வது ஓட்டுநர் மீதும் மருத்துவ உதவியாளர் மீதும்தான். வண்டி விபத்துக்குள்ளானால் "ஓட்டுநரின் அலட்சியம்" என்று செய்தி வெளியாகிறது. அந்த ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் இருந்தார் என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை.

மார்க்ஸ் இந்தக் கேள்வியை எழுப்பினார். 'மூலதனம்' முதல் தொகுதியில், வேலை நாள் பற்றிய அத்தியாயத்தில், லண்டன் விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட மூன்று ரயில்வே தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறார். ஒரு பெரும் ரயில் விபத்துக்கு அவர்களின் அலட்சியமே காரணம் என்பது குற்றச்சாட்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் 8 மணி நேரமாக இருந்த வேலை 14, 18, 20 மணி நேரமாக நீட்டப்பட்டுவிட்டது என்பதே அவர்கள் அளித்த பதில். இன்றைய ஆம்புலன்ஸ் தொழிலாளிக்கும் இதே பதில்தான் இருக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு வண்டி வாரத்துக்கு 168 மணி நேரமும் தயாராக நிற்க வேண்டும். அதில் எப்போதும் இருவர் தேவை. ஆக, 336 மணி நேர உழைப்பு. பல மாநிலங்களில் உள்ள 12 மணி நேரப் பணிமுறையில், நான்கு பேரை மட்டும் வைத்து வண்டியை ஓட்டினால் ஒவ்வொருவருக்கும் வாரம் 84 மணி நேரம் வருகிறது. மாற்று ஆளாக ஐந்தாமவர் கிடைத்தாலும் 67 மணி நேரத்துக்கு மேல். வாரம் 48 மணி நேரம் என்ற வரம்பைக் கடைப்பிடிக்க, விடுப்பைக் கணக்கில் சேர்க்காமலே ஏழு பேர் வேண்டும். நியமிக்கப்படாத அந்த மூவரின் ஊதியம் ஒப்பந்ததாரருக்கு மிச்சம். அவர்களின் வேலை மற்ற நால்வரின் உடலிலும் மனத்திலும் ஏற்றப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில், பணிச் சோர்வைத் தனிமனிதரின் நோயாக அல்ல, தொழில் சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். நாள்தோறும் மரணத்தையும் கதறலையும் எதிர்கொள்ளும் தொழிலாளிக்கு ஓய்வும் மறுக்கப்பட்டால், இம்மூன்றும் வந்தே தீரும். யோகா வகுப்பும் ஊக்க உரையும் இதற்கு மருந்தாகா.

இந்த நிலை எப்படி வந்தது? 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஒன்றுபட்ட ஆந்திராவின் ஐதராபாத்தில் தொடங்கியது. பின்னர் பல மாநிலங்களுக்கு அரசு–தனியார் கூட்டு முறையில் பரவியது. தேசிய சுகாதார இயக்கமும் மாநில அரசுகளும் தரும் மக்கள் பணமே இதை இயக்குகிறது. வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் மட்டும் தனியார் கையில். எரிபொருளின் விலையைக் குறைக்க ஒப்பந்ததாரரால் முடியாது. குறைந்த தொகை கேட்டு ஒப்பந்தத்தைப் பிடித்தவர் கைவைப்பது ஆள் எண்ணிக்கையிலும் ஊதியத்திலும்தான். ஒப்பந்தம் கைமாறும்போது பல ஆண்டு அனுபவமும் பூஜ்யமாகிறது.

2021 ஜூலையில் உத்தரப் பிரதேச ஆம்புலன்ஸ் தொழிலாளர்கள் இதை எதிர்த்துத்தான் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் மாறினாலும் வேலை பறிபோகக் கூடாது, தேசிய சுகாதார இயக்கத்தின் ஊழியர்களாகத் தங்களை ஏற்க வேண்டும் என்று கோரினார்கள். கொரோனா இரண்டாம் அலையில் நோயாளிகளைச் சுமந்தவர்கள் அவர்கள். அதற்கு முன் 'முன்களப் போராளிகள்' என்று மலர் தூவிப் பாராட்டப்பட்டவர்கள் மீது ஆதித்யநாத் அரசு எஸ்மாவை ஏவியது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். வேலைநிறுத்தத்தைத் தடுக்கும்போது மட்டும் இது அத்தியாவசியப் பணி. ஊதியம் கொடுக்கும்போது வெறும் ஒப்பந்த வேலை!

சட்டப் பாதுகாப்பும் கரைந்து வருகிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம், மிகைநேரத்துக்கு இரட்டை ஊதியம் என்று விதித்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி நேர ஓய்வையும் உறுதிசெய்தது. அதையும் சேர்த்து 13 சட்டங்களை விழுங்கிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, இடைவேளையையும் வேலை நேரப் பரவலையும் அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டது.

சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் பஞ்சாப் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால், தீர்ப்பு தானாக நடைமுறைக்கு வந்துவிடாது. 8 மணி நேரப் பணிமுறை, வண்டிக்கு ஏழு பேர், ஒப்பந்தம் மாறினாலும் தொடரும் வேலை, இறுதியில் அரசே நேரடியாக நடத்தும் சேவை ஆகிய கோரிக்கைகளுக்காகத் தொழிலாளர்கள் ஒன்றுதிரள வேண்டும். இவை நோயாளியின் கோரிக்கைகளும் ஆகும். தூக்கமற்ற கைகளில் எந்த உயிரும் பத்திரமாக இல்லை என்பதை ஒவ்வொரு ஊரிலும் மக்களிடம் எடுத்துச் சொல்வது தொழிற்சங்க இயக்கத்தின் உடனடிக் கடமை.